ஒன்றரை மணிச் செய்மதியும் நாலரை மணிப் புகையும்

போன மாசி மாதம் ஒரு பின்னேரம். இல்ல விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாலரை மணி இருக்கும். மைதானத்துக்கு வடகிழக்கே, அருவி வெட்டு முடிந்த வயலில் யாரோ வைக்கோலுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். மெசின் வெட்டிய வயலில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கும். ஒரு முனையில் பற்றவைத்தால் போதும், மறுமுனை வரை அதுவே போய்விடும். வாடை இன்னும் விட்டிருக்கவில்லை. கால்மணி நேரத்துக்குள் மைதானம் முழுக்கப் புகை. பொறுப்பாசிரியர் விசில் ஊதிப் பிள்ளைகளை மண்டபத்துக்குள் எடுத்தபோது என் மகள் இருநூறு மீற்றர் ஓடி முடித்திருந்தாள்.

அன்றிரவு அவளுக்கு முட்டு வந்துவிட்டது. பம்ப் இரண்டு தடவை அடித்தும் சரிவரவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நெபுலைசர் பிடித்து, வீடு திரும்பப் பத்தரை ஆகிவிட்டது. அவள் தூங்கிய பிறகும் எனக்கு நித்திரை வரவில்லை. போனில் நாசாவின் தீ வரைபடத்தைத் திறந்தேன். ஒடிசாப் பக்கம் சிவப்புப் புள்ளிகள். மியன்மாரிலும் லாவோசிலும் அள்ளித் தெளித்தது போலப் புள்ளிகள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியை விரலால் பெரிதாக்கி எங்கள் ஊரைத் தேடிப் பிடித்தேன். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

அடுத்த கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சொன்ன குற்றத்துக்கு வேலை என் தலையிலேயே விழுந்தது. "புகை நாளிலை பயிற்சி வைக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்க ஒரு வழி வேணும். சங்கத்திலை கொஞ்சக் காசு கிடக்கு. நீங்களே விசாரிச்சு, எது சரிவருமெண்டு சொல்லுங்கோ" என்றார் அதிபர். கூட்டத்திலேயே நாலு யோசனை வந்தது. செய்மதி வரைபடம் இலவசம்தானே, அதைப் பார்ப்போம் என்றார் ஒருவர். போனிலேயே காற்றின் எண் வருகிறது என்று ஓர் அம்மா எடுத்துக் காட்டினார். கணித ஆசிரியர் காற்றில் உள்ள தூசை அளக்கும் சென்சர் வாங்கலாம் என்றார். பின்வாங்கிலில் இருந்த வயதான ஐயா ஒருவர், "கண்ணும் மூக்கும் கடவுள் தந்ததுதானே" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

செய்மதியில் இருந்து தொடங்குகிறேன், எனக்கு ஆசை அதிலேதான் இருந்தது. எங்கள் மண்ணைச் செய்மதி பார்ப்பது புதிதல்ல. 2009இல் முள்ளிவாய்க்கால் கரையோரத்தின் படங்களை ஐ.நா.வின் யுனோசாற் பிரிவு வெளியிட்டது. உள்ளே இருந்தவர்கள் அவற்றைப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆகவே "மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்" என்ற பேச்சு இந்தப் பக்கம் அவ்வளவாக எடுபடாது. எது தெரியும், எத்தனை மணிக்குத் தெரியும் என்றுதான் கேட்க வேண்டும்.

தீ வரைபடத்தின் பெயர் ஃபேர்ம்ஸ். உலகம் முழுக்க எரிகிற இடங்களை, செய்மதி கடந்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்குள் புள்ளிகளாகப் போட்டுவிடுகிறது. ஒரு பிரதேசத்தைக் குறித்துக் கொடுத்தால் அங்கே புள்ளி விழும்போது மின்னஞ்சலும் அனுப்பும். காசு கிடையாது. செய்மதி சுவாலையைப் படம் பிடிப்பதில்லை, சூட்டை அளக்கிறது. நெருப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், நாலு மைக்றோமீற்றர் அலைநீளத்துக்குக் கிட்ட, மிகப் பிரகாசமாக இருக்கும். அந்த அலைநீளத்தில் ஒரு கட்டம் பக்கத்துக் கட்டங்களைவிட மிஞ்சிச் சுட்டால் அதை நெருப்பு என்று எடுக்கிறார்கள்.

கட்டத்தின் அளவை எங்கள் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். 1999இல் ஏவிய டெராவிலும் 2002இல் ஏவிய அக்குவாவிலும் இருக்கும் மோடிஸ் கருவிக்கு ஒரு கட்டம் ஒரு சதுரக் கிலோமீற்றர், கிட்டத்தட்ட 247 ஏக்கர். சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய மூன்றிலும் இருக்கும் வீர்ஸ் கருவிக்கு ஒரு பக்கம் 375 மீற்றர், அதாவது 35 ஏக்கர். புள்ளி விழுவது கட்டத்தின் நடுவில். உங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் புள்ளி கிடந்தால் பயப்படத் தேவையில்லை, நெருப்பு கட்டத்தின் அந்தக் கரையில் இருக்கலாம். கட்டம் முழுக்க எரிய வேண்டும் என்றும் இல்லை. சின்னத் துண்டு நன்றாகக் கொதித்தாலே போதும். மறுவளமாக, மரங்களுக்குக் கீழே சருகு மெல்ல மெல்லக் கனன்றுகொண்டிருந்தால் அது தப்பிவிடும். வெயிலில் காய்ந்த பெரிய தகரக் கூரை சிலவேளை நெருப்பாகத் தெரிந்து ஏமாற்றும்.

அப்படியானால் எங்கள் வயல் ஏன் விழவில்லை? இரண்டு நாள் குழம்பினேன். பிறகு வரைபடத்தில் வேறொரு புள்ளியைத் தட்டிப் பார்த்தபோது நேரம் எட்டு மணி என்று காட்டியது. அது கிறீனிச் நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் மத்தியானம் ஒன்றரை. வீர்ஸ் கருவி ஏறிய மூன்று செய்மதிகளும் மத்தியானம் ஒன்றரையை ஒட்டி ஒரு தடவை, நடுச்சாமம் ஒன்றரையை ஒட்டி ஒரு தடவை எங்களைக் கடக்கின்றன. வைக்கோல் கொளுத்துபவர்கள் வெயில் தாழட்டும், காற்று அடங்கட்டும் என்று பார்த்துப் பின்னேரம்தான் நெருப்பு வைப்பார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாம் சாம்பல். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற கதைதான்.

ஆவணி, புரட்டாதியில் நிலைமை வேறு. மழைக்கு முன்னம் சேனை கொளுத்துகிறவர்கள் உச்சி வெயிலில்தான் பற்றவைப்பார்கள், அப்போதுதான் வெட்டிப் போட்ட மரக்கொப்பு முழுக்க எரியும். வானத்தில் மேகமும் பெரிதாக இருக்காது. பற்றைக்காடு பிடித்தால் ஒரு நாளில் அடங்காது, ஆகவே இரவுச் செய்மதியும் பார்த்துவிடும். நெடுங்கேணிக்கு அங்காலே காடு எரிந்தால், கச்சான் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று முதல் நாளே கணக்குப் போடலாம். இடையில் ஒரு வார்த்தை: பற்றைக்கு நெருப்பு வைத்தால் உள்ளே என்ன வெடிக்கும் என்று சொல்ல முடியாத மண் இது. நெருப்புப் பக்கம் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை விடாமல் இருக்க எங்களுக்குப் புகையைவிடப் பெரிய காரணம் இருக்கிறது.

நெருப்பு வேறு, புகை வேறு. புகையைப் பார்க்க நாசாவின் வேர்ல்ட்வியூ என்ற இன்னொரு தளம் இருக்கிறது. அன்றைய பூமியைக் கண்ணால் பார்ப்பது போலவே காட்டும். புகை மண்ணிறம் கலந்த சாம்பல் போர்வையாகத் தெரியும், மேகம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அதன் மேலே தூசுப் படலத்தின் தடிப்பை அளக்கும் இன்னொரு படலத்தையும் விரித்துப் பார்க்கலாம். பார்க்க அழகு. ஆனால் அந்த அளவு நிலத்தில் இருந்து வானம் வரைக்கும் உள்ள முழுத் தூணின் கணக்கு. அந்தத் தூணில் புகை எந்தத் தட்டில் நிற்கிறது என்று அது சொல்லாது.

2023 ஆனியில் கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயோர்க்கை மூடி வானத்தைச் செம்மஞ்சளாக்கிய படங்களை எல்லாரும் பார்த்திருப்போம். அங்கே புகை நிலத்தோடு இருந்தது, மக்கள் அதைச் சுவாசித்தார்கள். அதே கனடாப் புகை அத்திலாந்திக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் போனது. செய்மதிப் படத்தில் அதுவும் புகைதான். ஆனால் பெரும்பகுதி உயரத்தில் போனதால் அங்கே சூரியன் சிவந்து விழுந்ததோடு சரி. 2019–20இல் அவுஸ்திரேலியாவில் எரிந்த காடுகளின் புகை அதையும்விட உயரே ஏறி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. படத்தில் புகை இருப்பதால் மூக்கில் புகை இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. எங்கள் வயல் புகை இதற்கு நேர் எதிர். தென்னை உயரத்துக்கு மேலே போகாமல் நிலத்தோடு ஊர்ந்து வரும். மேலே இருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு நூல்.

ஐரோப்பியரின் சென்டினல்-5பி என்று ஒன்று 2017 முதல் சுற்றுகிறது. மேகத்துக்கு மேலே கிடக்கும் புகையைக்கூடக் கண்டுபிடிக்கிற கெட்டித்தனம் அதற்கு உண்டு. அதன் கட்டம் ஐந்தரைக்கு மூன்றரைக் கிலோமீற்றர், அதுவும் மத்தியானம் ஒன்றரைக்குத்தான் வருகிறது. எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் விருந்தாளிகள் மாதிரி. ஓரிடத்திலேயே நிலைத்து நிற்கும் இந்தியாவின் இன்சாற் வகைச் செய்மதி எங்களுக்கு நேர் மேலே என்றே சொல்லலாம், அரைமணிக்கு ஒரு படம் எடுக்கும். ஆனால் சூட்டை அளக்கும் அதன் கட்டம் நாலு கிலோமீற்றர். நாலாயிரம் ஏக்கர் கட்டத்துக்குள் நாலு ஏக்கர் வைக்கோல் எங்கே தெரியப்போகிறது!

அடுத்தது மேகம். இதற்கு 2022 மார்கழியை நினைத்துப் பார்க்க வேண்டும். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்கள். இந்தியப் பக்கத்தில் இருந்து அழுக்குக் காற்று இலங்கைக்குள் இறங்கியது. யாழ்ப்பாணமும் வன்னியும் கொழும்பும் மங்கிப் போயின. 9ஆம் திகதி நாடு முழுக்க அரச பாடசாலைகளை மூடினார்கள். அதே நாட்களில் குளிருக்கும் காற்றுக்கும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தது எங்கள் ஊரில் எவருக்கும் மறக்காது. அந்தப் புகாரைப் (புகைமூட்டத்தைப்) பற்றி அன்று யாரும் கதைக்கவில்லை, மாட்டைப் பற்றித்தான் கதைத்தோம். அந்த நாட்களின் செய்மதிப் படத்தைத் திறந்தால் தெரிவது புயல் மேகம்தான். ஆண்டின் மிக மோசமான காற்று வந்த நாளில் செய்மதிக்குக் கண் கட்டியிருந்தது.

வடக்கில் இருந்து அழுக்குக் காற்று வருவது ஒரு நாள் கூத்து அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1999இன் முதல் மூன்று மாதங்களில் இந்தோயெக்ஸ் என்ற பெரிய ஆய்வு இந்து சமுத்திரத்தின் மேல் நடந்தது. தலைமை தாங்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். குளிர்காலத்து வடகிழக்குக் காற்றோடு தெற்காசியாவின் புகை, கரி, தூசு எல்லாம் ஒரு மண்ணிறப் படலமாகக் கடலுக்கு மேல் பரவி நிற்பதைச் செய்மதியும் விமானமும் மாலைதீவில் வைத்த தரைக் கருவிகளும் சேர்ந்து காட்டின. சேர்ந்து என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்களும் செய்மதியை மட்டும் நம்பி இருக்கவில்லை.

சரி, போனில் வரும் எண். இதில் அதிகம் நிற்கப் போவதில்லை. கிளிநொச்சி என்று போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறதே, அதை எங்கே அளந்தார்கள் என்று தேடினால் பெரும்பாலும் அது அளந்த எண்ணே அல்ல, கணினிக் கணிப்பு. ஐரோப்பியரின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலச் சேவை உலகம் முழுவதுக்கும் ஐந்து நாள் முன்கூட்டிக் கணித்துத் தருகிறது, விண்டி போன்ற செயலிகளில் அதையே பார்க்கலாம். அதன் கட்டம் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். பரந்தனில் ஏறி முல்லைத்தீவுக் கடற்கரையில் இறங்கும்வரை இரண்டு கட்டம்கூட முழுதாக வராது. நெருப்புகளை அது எடுத்துக்கொள்வதும் செய்மதிப் புள்ளிகளில் இருந்துதான். செய்மதி காணாத எங்கள் வைக்கோல் அதற்கும் இல்லை. ஆனால் 2022 மார்கழி மாதிரி நாடு முழுக்க மூடும் புகாருக்கு இது நல்ல கருவி, இரண்டு மூன்று நாள் முன்னரே எச்சரிக்கும்.

அந்த எண்ணைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். காற்றுத் தரச் சுட்டெண் நாட்டுக்கு நாடு வேறு. நுண்துகள், அதாவது பிஎம் 2.5, ஒரு கன மீற்றரில் 60 மைக்றோகிராம் இருந்தால் இந்தியக் கணக்கில் சுட்டெண் 100, "திருப்தி". அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150ஐத் தாண்டி "உடல்நலத்துக்குக் கேடு" ஆகிவிடும். சென்னையில் இருக்கும் என் மச்சான் "இங்கை நூறு, பரவாயில்லை" என்கிறான், நான் "இங்கை நூற்றைம்பது, கதவைப் பூட்டு" என்கிறேன், இரண்டு பேரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம். சுட்டெண்ணை விட்டுவிட்டு மைக்றோகிராமைப் பாருங்கள். இருபத்துநாலு மணி நேரச் சராசரி 15ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த கோடு. இலங்கைச் சட்டம் 50 வரைக்கும் விடுகிறது.

சென்சர்தான் செலவு வருகிற யோசனை. பேர்பிள்எயார் போன்ற தயார்க் கருவி இருநூறு டொலருக்கு மேலே போகும், சுங்கமும் தபாலும் தனி. உள்ளே இருப்பதோ ஒரு சின்ன விசிறி, ஒரு லேசர், ஒளி சிதறுவதை எண்ணும் ஒரு கண். இந்த உள்ளுறுப்பை மட்டும் தனியாகச் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கி, வைஃபை உள்ள ஒரு சிறு பலகையோடு இணைத்து, பிளாஸ்ரிக் குழாய்க்குள் செருகிவிட்டால் வேலை முடிந்தது. ஜேர்மனியில் தொடங்கிய சென்சர் கொம்யூனிற்றி என்ற கூட்டு முயற்சி இதற்கான செய்முறையை எவருக்கும் திறந்து வைத்திருக்கிறது. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பின்னேரத்தில் செய்துவிடுவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது, பனி. மார்கழி, தை விடியற்காலையில் வயலுக்கு மேலே இறங்கும் பனித்துளியையும் இது தூசு என்று எண்ணிவிடும். ஈரப்பதன் எண்பதுக்கு மேலே போனால் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பக்கத்தில் ஓர் ஈரப்பதமானியும் வைத்தால்தான் "இது பனி, இது புகை" என்று பிரிக்கலாம். இரண்டாவது, ஆயுள். மலிவான சென்சர்களில் ஒன்றான எஸ்டிஎஸ்011க்குத் தயாரிப்பாளரே சொல்லும் ஆயுள் 8000 மணித்தியாலம். விடாமல் ஓடவிட்டால் ஒரு வருசம்கூட வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் ஓடவிட்டால் சில வருசம் இழுக்கும். மூன்றாவதைக் கடதாசியில் யாரும் எழுதுவதில்லை: எறும்பு, பல்லி, சிலந்தி. சூடாக, இருட்டாக, மழை படாமல் ஓர் ஓட்டை இருந்தால் எங்கள் ஊரில் அது காலியாக இருக்காது. வாய்க்கு நுளம்பு வலைத் துண்டு ஒன்று கட்ட வேண்டும்.

இத்தனை குறைக்கும் பிறகு, நாலரை மணிக்கு, பிள்ளை ஓடுகிற இடத்தில், மூக்கு உயரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது இது ஒன்றுதான்.

கண்ணும் மூக்கும் என்ற ஐயாவிடம் வருகிறேன். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் காட்டுத்தீக் காலத்துக்கு 5-3-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்து மைல் தூரத்து அடையாளம் தெரியாவிட்டால் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் நோயாளிகளும் வெளி வேலையைக் குறைக்க வேண்டும். மூன்று மைலும் தெரியாவிட்டால் எல்லாரும் குறைக்க வேண்டும். ஒரு மைலே தெரியவில்லை என்றால் உள்ளே இரு. அது மலையும் காய்ந்த காற்றும் உள்ள இடம். எங்களுக்கு ஐந்து மைல் பார்க்க இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால்தான் உண்டு, மற்ற இடமெல்லாம் மரம் மறைக்கும். ஆனால் மைதானத்தில் இருந்து பார்த்தால் தொலைபேசிக் கோபுரம் ஒன்று தெரிகிறது, அதற்கு முன்னால் ஒரு பனை வரிசை, அதற்கும் முன்னால் கோயில் அரசமரம். இந்த மூன்றையும் அடையாளமாக வைக்கலாம். பனியா புகையா என்ற சந்தேகம் காலையில் மட்டும்தான் வரும், எட்டரை மணி வெயிலுக்குக் கலைந்தால் பனி. மற்றதற்கு மூக்கு இருக்கிறது.

மூக்குக்கு ஒரு கெட்ட பழக்கம், பத்து நிமிடத்தில் பழகிவிடும். விறகடுப்புக் குசினியில் இருந்து வந்தவருக்கும் நுளம்புத்திரி கொளுத்திப் படுத்தவருக்கும் வயல் புகை ஒரு மணமே இல்லை. கண்ணுக்கும் குறை உண்டு. கோபுரம் மங்குகிற அளவுக்கு வருவதற்கு முன்னமே என் மகளுக்கு முட்டுத் தொடங்கிவிடுகிறது.

இனி முடிவு. இந்த நாலில் எது சிறந்தது என்று நான் தேடித் தொடங்கியது பிழையான கேள்வி. ஒவ்வொன்றும் வேறு வேறு மாதத்தில் குருடாகிறது. செய்மதிக்கு ஆவணி, புரட்டாதியில் நல்ல கண். மார்கழியில் மேகம் மறைக்கிறது, மாசியில் நேரம் தவறுகிறது. கணிப்பு எண்ணுக்கு மார்கழிப் புகார் தெரியும், ஊர்ப் புகை எந்த மாதத்திலும் தெரியாது. சென்சர் மார்கழி விடியலில் உளறும், மாசிப் பின்னேரத்தில் நிதானமாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் அதிகம் ஓடுவது எந்த மாதம்? மாசி, பங்குனி. எந்த நேரம்? பின்னேரம். ஆகவே சங்கத்துக் காசைச் சென்சருக்குப் போடுவோம் என்பது என் சிபாரிசு. தயார்க் கருவி வேண்டாம், பிள்ளைகளே செய்யும் மலிவானது, உள்ளுறுப்பு இரண்டு வாங்குவோம். ஒன்று பழுதானால் மற்றதை மாட்டலாம், இரண்டும் ஓடினால் ஒன்றோடொன்றை ஒப்பிடலாம்.

எண்ணுக்கு ஒரு கோடு வேண்டும் என்று பொறுப்பாசிரியர் கேட்டார். 35ஐத் தாண்டினால் முட்டு உள்ள பிள்ளைகள் இருக்கட்டும், 55ஐத் தாண்டினால் யாரும் ஓட வேண்டாம் என்று வைத்தேன். அமெரிக்கச் சுட்டெண்ணின் படிகளில் இருந்து எடுத்த எண்கள் இவை. அவை முழு நாள் சராசரிக்கு வகுத்தவை, நாங்கள் பதினைந்து நிமிடத்துக்குப் பாவிக்கப் போகிறோம். விஞ்ஞானி யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் விசில் ஊத வேண்டியவருக்கு ஓர் எண் கையில் இருக்க வேண்டுமே. ஆவணி, புரட்டாதிக்கு ஃபேர்ம்ஸ் மின்னஞ்சலை அதிபரின் முகவரிக்குப் போட்டுவிட்டோம், செலவில்லை. மார்கழிக்கு விண்டி.

பயிற்சியைக் காலைக்கு மாற்றலாமே என்றும் ஒரு பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். இரவு குளிர்ந்த காற்று நிலத்தோடு படுத்திருக்கும்போது முதல் நாள் புகையும் அதற்குள்ளேயே படுத்திருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானால்தான் அது மேலே கிளம்பிக் கலையும். காற்று நன்றாகக் கலந்திருப்பது மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு. ஆனால் மாசி வெயிலில் அந்த நேரத்தில் ஓடவிட எந்த அம்மா சம்மதிப்பார்? மூன்றரைக்குத் தொடங்கி நாலரைக்குள் முடிப்பதென்று இழுபறியில் நிற்கிறது.

செலவே இல்லாத ஐந்தாவது வழி ஒன்றும் இருந்தது, வயல்காரரோடு கதைப்பது. வடகிழக்கு வயல்காரர் என்னைவிட வயதில் மூத்தவர். போய்ச் சொன்னேன். "தம்பி, கொளுத்தாமல் என்ன செய்யிறது? முந்தி மாட்டுக்கு வைக்கோல் ஏத்துவம். இப்ப மாடும் குறைஞ்சு போச்சு, ஏத்த ஆளும் இல்லை. உழவுக்கு முதல் ஒதுக்க வேணுமே" என்றார். கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, "போட்டி முடியுமட்டும் பள்ளிக்கூடப் பக்கத்து வயலைக் கொளுத்தேல்லை, போதுமோ?" என்றார். போதும் அண்ணை என்றேன். ஆனால் காற்று வரும் திசையில் இருபது வயல்காரர் இருக்கிறார்கள், அதில் ஆறு பேர் வெளிநாட்டில், குத்தகைக்காரர் வருசத்துக்கு வருசம் மாறுவார்கள். ஆகவே சென்சர் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

வாங்குவதற்கு முன் பரீட்சித்துப் பார்க்க, யாழ்ப்பாணத்தில் படிக்கும் என் மருமகன் தன் படிப்புக்காகச் செய்த சென்சரை இரண்டு கிழமைக்கு இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். நூல்நிலைய விறாந்தையில், சிற்றுண்டிச்சாலை அடுப்புக்குத் தூரமாக, ஆளுயரத்தில் கட்டினோம். முதல் நாலு நாளும் ஒரே மாதிரி நடந்தது. பின்னேரங்களில் எண் அடங்கிக் கிடந்தது, வயல்காரர் சொன்ன சொல் காப்பாற்றினார். ஆனால் ஒவ்வொரு காலையும் ஏழேகாலுக்கு மூன்று இலக்கத்துக்குத் துள்ளி, எட்டு மணிக்குப் பிறகுதான் இறங்கியது. பனிதான் என்று நினைத்து ஈரப்பதனைப் பார்த்தேன், அது அந்த நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் ஏழு மணிக்கே போய் வாசலில் நின்றேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் விளக்குமாறோடு வளவு கூட்டிக்கொண்டிருந்தார்கள், என் மகளும் அதில் ஒருத்தி. கூட்டின சருகை வேப்பமரத்தடியில் குவித்து, யாரோ நெருப்புப் பெட்டியை உரசினார்கள்.